கூப்பிட்டால் வருவோமுங்க

பெரியநாயக்கன்பாளையத்துக்கு வந்து சண்முகப்ரியா வீடு எது என்று கேட்டால் யாருக்கும் சட்டென்று தெரியாது. பம்ப் கம்பெனியில் ஷிப்டு முடிந்ததும் மோட்டார் வைண்டிங் செய்கிற பெண்கள் டிபன் பையோடு வெளியே வருவார்களே, அந்தக் கூட்டத்தில் அவளும் ஒருத்தி. விரல்களில் செம்புக் கம்பி இழுத்த கோடுகள், காதோரம் கொஞ்சம் நரை, சதா கையில் ஒரு போன். அவ்வளவுதான் அடையாளம். ஆனால் ‘வழித்துணை’ பிரியா என்று கேட்டுப் பாருங்கள். மதுக்கரையில் ஒரு டீச்சர் “அட, நம்ம பிரியாவா!” என்பார். துபாயில் ஏசி மெக்கானிக்காக இருக்கிற ஒருவர், அவளுக்கு ஜலதோஷம் விட்டுவிட்டதா என்று விசாரிப்பார். ஒருதடவைகூட நேரில் பார்க்காதவர்கள்தான் அவள்மேல் இத்தனை உரிமை கொண்டாடினார்கள்.

வழித்துணை என்பது ஒரு அறக்கட்டளை. கண்ணாடிக் கதவு, சுழல் நாற்காலி என்றெல்லாம் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஒரு பழைய ஆம்னி வேன், அதை ஓட்டுகிற கலீல் ரஹ்மான், ஒரு ரப்பர் ஸ்டாம்பு. இவை மூன்றும் சேர்ந்தால் அறக்கட்டளை. சிறுநீரகம் கெட்டுப்போய் டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களை வீட்டு வாசலில் ஏற்றி ஆஸ்பத்திரியில் விட வேண்டும்; முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து வாசலில் இறக்க வேண்டும். இதெல்லாம் ஒரு சேவையா என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள், நாலு மணி நேரம் ரத்தத்தை மெஷினில் கழுவிக்கொண்டு, தலை சுற்ற, கால் பின்ன, மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஒருநாள் நின்றுகொண்டு வந்து பார்க்கட்டும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் இந்தப் பாடு, அதுவும் ஆயுசு முழுக்க. சிகிச்சை இலவசமாகவே கிடைத்தும், போக வர முடியாமல் நிறுத்திக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். நிறுத்தினால் சில நாளில் உடம்பில் நீர் கோத்து, மூச்சு முட்டி, ஆள் போய்விடுவார்.

கலீல் ரஹ்மான் கோட்டைமேட்டுக்காரர். கடைவீதிப் பக்கம் மெத்தை தலையணை வியாபாரம். மனைவி இஸ்மத் இந்த வியாதியில் பல வருஷம் அவதிப்பட்டு இறந்த பிறகு, அவரைச் சுமந்து திரிந்த வேனை விற்க அவருக்கு மனசு வரவில்லை. அதே ஆஸ்பத்திரி வாசலில் ஒருநாள் பஸ்ஸுக்கு நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்திருந்த ஒருவரை ஏற்றிக்கொண்டார். அடுத்த நாள் இன்னொருவர். அப்படி ஏறியவர்களில் லேத் பட்டறைக் கதிர்வேலும் ஒருவன். அவன்தான் சண்முகப்ரியாவின் கணவன்.

கதிர்வேல் கடைசிவரை பஸ்ஸுக்கு நிற்கவில்லை. மற்ற பெண்கள் வீட்டுக்காரர் எடுத்துக் கொடுத்த நகையைப் பற்றிச் சொல்வதுபோல இந்த ஒரு விஷயத்தை அவள் சொல்வாள். கடைசி நாளன்றும் பாய்தான் அவனைத் தோளில் தாங்கி வீட்டுக்குள் கொண்டுவந்து படுக்க வைத்தார். காரியமெல்லாம் முடிந்ததும் அவள் நேராக மெத்தைக் கடைக்குப் போய் நின்றாள்.

“பாய், நானும் ஏதாச்சும் செய்யோணுமுங்க.”

“வண்டி ஓட்டத் தெரியுமாம்மா?”

“சைக்கிளே தெரியாதுங்க.”

“பின்ன என்னம்மா தெரியும்?”

அவள் யோசித்து யோசித்துப் பார்த்தாள். “போன்ல பேஸ்புக்கு பாக்கத் தெரியுமுங்க,” என்றாள். சொன்ன பிறகு முகத்தில் அசடு வழிந்தது.

பாய் சிரிக்கவில்லை. “அது எனக்குத் தெரியாதும்மா. அப்ப அதையே பாருங்க,” என்றார். அறக்கட்டளையின் சமூக ஊடகப் பிரிவு இப்படித்தான் தொடங்கியது.

இந்த மாதிரிப் பக்கங்கள் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். வாடிய முகம், சொட்டு மருந்து பாட்டில், பின்னால் அழுகிற புல்லாங்குழல். அவளுக்கு அது ஆகவே ஆகாது. கதிர்வேலின் முகத்தை அந்த நாட்களில் யாராவது படம் எடுத்துப் போட்டிருந்தால் போனைப் பிடுங்கி ரோட்டில் எறிந்திருப்பாள். ஆகவே அவள் நோயாளிகள் படமே போடவில்லை. வேனுக்குள் நடக்கிற பேச்சைப் போட்டாள். பேர் சொல்லாமல், ஊர் சொல்லாமல், நாலைந்து வரி. பாய் சாயங்காலம் போனில் ஒப்பிப்பார், அவள் பஸ்ஸில் உட்கார்ந்து தட்டுவாள்.

அந்தப் பேச்சில் முக்கால்வாசி பொன்னாத்தாளுடையது. கோவனூர் போகிற வழியில், மலையடிவாரத்துக் காலனியில் தனியாக இருக்கிறவள். ஐம்பதைத் தாண்டியவள். தோட்டவேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள், உடம்பு முடியாமல் போனபிறகு நாலைந்து வெள்ளாடு வளர்த்தாள். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை, மருமகளோடு அங்கேயே குடியிருப்பு. உடம்பில் தெம்பு இல்லாவிட்டாலும் வாயில் இருந்தது. வேனில் எப்போதும் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு ஆஸ்பத்திரி, அரசாங்கம், ஆகாயம் என்று ஒன்றையும் விடமாட்டாள்.

“டாக்டரு தண்ணி ஜாஸ்தி குடிக்காதீங்கறாரு. எங்க காலனிக்குத் தண்ணி வந்தாத்தானுங்க குடிக்கறதுக்கு.”

“மெசினு என்ற ரத்தத்தையே கழுவிப்போடுது. என்ற மருமவ என்ற சீலையைக்கூடக் கழுவ மாட்டா.”

இந்த மருமகள் பேச்சு மட்டும் காட்டுத்தீயாகப் பரவியது. ‘பின்சீட்டு அக்கா’ என்று வாசிக்கிறவர்களே அவளுக்குப் பேர் வைத்தார்கள். ‘இன்னைக்குப் பின்சீட்டு அக்கா என்ன சொன்னாங்க?’ என்று காலையிலேயே கேட்டு எழுதுவார்கள். சாதாரண பட்டன் போன் வைத்திருந்த பொன்னாத்தாளுக்கு இதெல்லாம் தெரியாது. பிரியா போனில் என்னவோ எழுதுகிறாள் என்பது மட்டும் தெரியும்.

எழுதுகிறவர்களுக்குப் பதில் போடுவதில் சண்முகப்ரியா கொங்கு நாட்டு மரியாதையை ஒரு பிடிகூட விட்டுக்கொடுக்கவில்லை. ஒருத்தர் பூ போட்டால் இவள் நன்றி போடுவாள். அதோடு விடமாட்டாள். “ஏனுங்க, போன வாரம் பாப்பாவுக்குக் காய்ச்சல்னீங்களே, தேவலைங்களா?” என்பாள். மதுக்கரை கயல்விழி டீச்சரின் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனதும், கருமத்தம்பட்டி சுந்தரராஜுலுவின் விசைத்தறி கரண்ட் இல்லாமல் நின்றதும் அவளுக்கு அத்துப்படி. பெருமாள் படத்தை முகப்பில் வைத்துக்கொண்டு சென்னகேசவன் என்று ஒருவர், ஒருநாள் தவறாமல் காலை வணக்கம் போடுவார், ஒவ்வொரு பதிவுக்கும் கும்பிடு போடுவார். அவருக்கும் ஒருநாள் தவறாமல் இவள் திரும்பக் கும்பிடுவாள். ஆயிரக்கணக்கில் ஆள் சேர்ந்தார்கள். எல்லோரையும் சொந்தக்காரர்களைப் போலத்தான் அவள் நினைத்தாள்.

பிறகு வேன் நின்றது. வழியில் புகைந்து, இருமி, துடியலூரில் ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான். மெக்கானிக் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, “பாய், இதுக்கு மேல வைத்தியம் இல்லீங்க,” என்று கையைத் துடைத்துக்கொண்டார். புது வண்டி என்பது நினைத்தே பார்க்க முடியாத காரியம். இத்தனை வருஷத்தில் ஒருவரிடமும் கைநீட்டாத பாய், யாரிடம் போய் எப்படிக் கேட்பது என்று தெரியாமல் கடையில் மெத்தைகளுக்கு நடுவே தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்துவிட்டார்.

வேனில் வந்தவர்களில் சிலரை வீட்டார் எப்படியோ கூட்டிக்கொண்டு போனார்கள். பொன்னாத்தாளுக்கு யாரும் இல்லை. முதல் தடவை பஸ்ஸில் போனாள். திரும்புகிற வழியில் பஸ் மாறுகிற இடத்தில் கண் இருட்டி விழுந்தாள். பூ விற்கிறவள் சோடா வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தாளாம். அடுத்த தடவை அவள் போகவில்லை. சண்முகப்ரியா போன் செய்தாள்.

“அக்கா, ஆட்டோ அனுப்பறனுங்க. கிளம்பி இருங்க.”

“ஆட்டோவுல எத்தன நாளைக்கு அம்மணி அனுப்புவ? போதும் உடு. நானு நல்லாத்தான் இருக்கறேன்,” என்றாள் பொன்னாத்தாள். பேசும்போதே இளைத்தது. அதற்குப் பிறகு போனை எடுக்கவே இல்லை.

சண்முகப்ரியாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பக்கத்துக்கு அழகழகாகப் படம் வரைந்து தருகிற ஹாரிகா, சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை பார்க்கிறவள், ஒரு யோசனை சொன்னாள். இவ்வளவு பேரில் கார் வைத்திருக்கிறவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். ஆளுக்கு வாரத்தில் ஒரு நடை வந்தாலே வேன் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு மண்டபத்தில் எல்லோரையும் கூட்டிப் பேசுவோம். யோசனையில் ஒரு குறையும் இல்லை. ஹாரிகாவின் அழைப்பும் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி இருந்தது. ‘அனைவரும் வருக, ஆதரவு தருக’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. போட்டதும் இதயங்கள் கொட்டின. கும்பிடுகள் குவிந்தன. ‘கண்டிப்பாக’, ‘சூப்பர்’, ‘வாழ்த்துக்கள்’.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நாற்காலியெல்லாம் வரிசையாகப் போட்டிருந்தது. கேனில் டீ, தட்டு தட்டாகப் பப்ஸ். பாய் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். ஹாரிகா வந்தாள். மண்டபத்துக்காரர் வந்தார். மைக் செட்காரர் வந்து, சோதித்துப் பார்த்துவிட்டு, அவரே உட்கார்ந்து ஒரு டீ குடித்தார். வேறு ஈ காக்கை வரவில்லை. மத்தியானம்வரை பார்த்துவிட்டுப் பாய் நாற்காலிகளை ஒவ்வொன்றாக மடக்கத் தொடங்கினார். “பரவால்லம்மா. அவங்கவங்களுக்கு ஆயிரம் ஜோலி இருக்கும்,” என்றார். அவர் அப்படிப் பெருந்தன்மையாகப் பேசியதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஒன்றுக்கும் உதவாத பொம்மைக் கும்பிடுகளை நம்பி, ஒரு பெரிய மனிதரை வாசலில் நிற்கவைத்துவிட்டோமே என்று வீட்டுக்குப் போய் அழுதாள்.

மறுநாள் ஷிப்டு முடிந்ததும் பப்ஸ் வந்த தட்டுகளைத் திருப்பிக் கொடுக்கப் பேக்கரிக்குப் போனாள். மெயின் ரோட்டில், அவள் வருஷக்கணக்காகத் தேங்காய் பன் வாங்குகிற அதே கடை. கல்லாவில் எப்போதும் உட்கார்ந்திருக்கிற அதே மனிதர், நெற்றியில் ஒற்றை நாமம். வழித்துணைக் கூட்டத்துக்குப் பப்ஸ் வேண்டும் என்று ஹாரிகா இவரிடம் போனில் சொல்லியிருந்தாள்.

“கூட்டம் எப்புடிங்க நடந்துச்சு?” என்று அவர் கேட்டதுதான் தாமதம், அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

“கூட்டமுங்களா? போன்லதானுங்க கூட்டம். வணக்கம் போடறதுக்கு ஆளு, பூப் போடறதுக்கு ஆளு. வாங்கன்னா ஒருத்தரும் வரலீங்க. அதுலயும் ஒருத்தரு, சென்னகேசவன்னு பேரு, பெருமாள் படம் வெச்சிருப்பாரு. ஒருநாள் தவறாமக் கும்புடுவாரு. அவருமே வரலீங்க!”

அந்த மனிதர் தட்டுகளை வாங்கி மெதுவாகக் கல்லாமேல் வைத்தார்.

“அது நானுதானுங்க,” என்றார். தன் போனை எடுத்துக் காட்டினார். பெருமாள் இருந்தார்.

சண்முகப்ரியா நாக்கைக் கடித்துக்கொண்டாள். இத்தனை வருஷம் தினமும் கும்பிட்ட ஆளிடம்தான் பன் வாங்கித் தின்றிருக்கிறாள். அவருக்கும் இவள் யாரென்று தெரிந்திருக்கவில்லை. ஆனாலும் அவள் விடாமல் கேட்டாள், “சரிங்கண்ணா, பின்ன ஏனுங்க வரலை?”

“நீங்க என்னையக் கூப்புடலீங்களே, அம்மணி.”

“போட்டிருந்தமுங்களே! அனைவரும் வருகன்னு...”

“அது பொதுவுல போட்டது. ரோட்டுல நோட்டீசு ஒட்டறாப்பல. நோட்டீசப் பாத்துப்போட்டு ஒரு விசேசத்துக்குப் போயி நின்னா நல்லாவாங்க இருக்கும்? பப்ஸு வேணும்னு எனக்குப் போன் பண்ணிச் சொன்னீங்க. மனசார அனுப்பி வெச்சேன். கார் வேணும்னு எங்கிட்டச் சொல்லலையே. கார் செட்டுல சும்மாத்தானுங்க நிக்குது. காலைல கடைகளுக்குப் பன் போடப் போறதோட அதுக்கு வேலை முடிஞ்சது. நானு ரெண்டு நாளாப் போனையே பாத்துட்டிருந்தேன், இப்பக் கூப்புடுவாங்க, சித்த நேரத்துல கூப்புடுவாங்கன்னு.”

அவளுக்குச் செவிட்டில் அறைந்தது போலிருந்தது. போன மாசம்தான் அவள் சித்தப்பா மகன் வீட்டில் புதுமனை புகுவிழா. சொந்தக்காரர்கள் குரூப்பில் அழைப்பிதழைப் போட்டதோடு விட்டுவிட்டான் என்று இவள் போகவே இல்லை. ‘குரூப்புல போட்டா அது அழைப்பா? ஒரு வார்த்தை வாய்விட்டுச் சொல்லக்கூடாதா?’ என்று அம்மாவிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவள் இவளே. அந்த முறையில் பிறந்து வளர்ந்தவள், அதே தப்பை ஊர் முழுக்கச் செய்துவைத்திருக்கிறாள். கோபம் வர வேண்டிய இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணும் கலங்கியது. வராதவர்களெல்லாம் மனசில்லாதவர்கள் அல்ல, மரியாதைக்குக் காத்துக்கொண்டிருந்தவர்கள்.

“அண்ணா,” என்றாள் கையெடுத்து. இந்தத் தடவை போனில் அல்ல, நேரில். “நாளைக்குக் காலைல கோவனூர் வழியில ஒரு அக்காவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகோணும். நீங்க வரோணுமுங்க.”

“எத்தன மணிக்குங்க?” என்றார் சென்னகேசவன்.

காலையில் அவள் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு அவரோடு போனாள். அந்த அக்காதான் பின்சீட்டு அக்கா என்று வழியில் சொன்னாள். காலனிக்குள் கார் நுழைந்தபோது பொன்னாத்தாள் வாசற்படியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் உப்பியிருந்தது, கால் வீங்கியிருந்தது. சண்முகப்ரியா ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எதுக்கு அம்மணி மெனக்கெட்டு வந்த?” என்றாள் பொன்னாத்தாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்று மூச்சு வாங்கினாள். “ஆட்டையெல்லாம் வித்துப்போட்டேன். பக்கத்தூட்டுக்காரிகிட்டச் சாவியக் குடுத்துப்போட்டேன். எனக்கு ஒரு ஜோலியும் பாக்கியில்ல.”

வீட்டுப் பக்கத்தில் பட்டி காலியாகக் கிடந்தது. அவள் வளர்த்த வெள்ளாடுகள் ஒன்றுகூட இல்லை. சண்முகப்ரியாவுக்கு அப்போதுதான் புரிந்தது. உடம்பு முடியவில்லை என்று வராமல் இருந்தவள் இல்லை இவள். உட்கார்ந்து, யோசித்து, எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிட்டுச் சாவுக்குத் தயாராக இருந்தவள். கெஞ்சினாள், திட்டினாள். பொன்னாத்தாள் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

அதுவரை வேலியோரம் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்த சென்னகேசவன் பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“ஏனுங்கக்கா, உங்க மருமவ சீலையத் துவைச்சுத் தந்துச்சுங்களா, இல்லீங்களா?”

பொன்னாத்தாள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். “அது உனக்கு எப்புடித் தெரியும் சாமி?”

“எனக்கென்னங்க, ஊருக்கே தெரியுமுங்க. என்ற சம்சாரம் அதப் படிச்சுப்போட்டு ஒரு வாரம் சிரிச்சா. எங்கம்மா கால் ஒடிஞ்சு படுத்திருந்தப்ப தினமும் உங்க பேச்சத்தான் படிச்சுக் காட்டுவேன். இப்பக் கொஞ்ச நாளா உங்க பேச்சு வரதில்ல. எல்லாரும் கேக்கறாங்க, பின்சீட்டு அக்காவுக்கு என்னாச்சு, பின்சீட்டு அக்காவுக்கு என்னாச்சுன்னு. நானு என்னங்க சொல்லட்டும்?”

சண்முகப்ரியா போனைத் திறந்து வாசித்துக் காட்டினாள். துபாய்க்காரர், டீச்சர், தறிக்காரர், யார் யாரோ. ‘அக்கா நலமா?’ ‘அக்காவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.’ ‘எங்க ஊட்டுல அக்காவுக்காகச் சாமி கும்பிட்டோம்.’ பொன்னாத்தாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “கையக் குடு,” என்றாள்.

காரில் அவள் வழக்கம்போலப் பின்கதவைத் திறக்கப் போனாள். தோட்டத்துக்காரர்கள் வண்டியில் எங்கே உட்கார வேண்டும் என்பது சின்ன வயதிலிருந்து அவளுக்குப் பழக்கப்பட்ட விஷயம். சென்னகேசவன் முன்கதவைத் திறந்துவிட்டு, “முன்னால உக்காருங்கக்கா. பின்னாடியெல்லாம் பன் தட்டுங்க,” என்றார். ஆஸ்பத்திரியில் நர்ஸ் எடை பார்த்துவிட்டுக் கத்து கத்து என்று கத்தினாள். இன்னொரு நாள் விட்டிருந்தால் இப்படித் திட்டு வாங்கக்கூட ஆள் இருந்திருக்காது என்று அவள் சொன்னபோது, பொன்னாத்தாள் சமர்த்தாகத் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஒரு கார் வந்துவிட்டது. ஆனால் வேனில் போனவர்கள் பலர், ஒருவரே எத்தனை நாள் சுமப்பார்? சண்முகப்ரியா அன்று மத்தியானமே ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து ஒவ்வொருவருக்காகக் குரல் பதிவு அனுப்ப நினைத்தாள். வாய்க்குக் கிட்டே கொண்டுபோன போனை இறக்கிவிட்டாள். கூப்பிடாமல் வரத் தயங்கியவர்களைப் போலல்ல, அவளுடைய தயக்கம் வேறு. காரும் தோட்டமும் உள்ள வீடுகளுக்கு அவள் அம்மா விசேஷ நாளில் பாத்திரம் கழுவப் போயிருக்கிறாள், அழைப்பின்பேரில் போனதில்லை. அந்த வீட்டுக்காரர்களைத் தன் வீட்டுக்கு வாங்க என்று கூப்பிடும் வழக்கம் அவர்கள் தெருவுக்கே கிடையாது. எழுத்தில் எல்லோரும் சமம். குரலில் பேசினால் யார் வீட்டுப் பெண் என்பது தெரிந்துவிடாதா? தெரிந்தால் வருவார்களா? உள்ளே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பொன்னாத்தாள் மெஷினோடு படுத்திருந்தாள். வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும் என்று அவள் பட்டனை அழுத்தினாள்.

“ஏனுங்க சுந்தரராஜுலு அண்ணா, நானு வழித்துணை சண்முகப்ரியா பேசறனுங்க. தறி ஓடுதுங்களா? ஊட்டுல எல்லாரும் சௌக்கியங்களா? ஒரு உதவிங்கண்ணா. உங்களைத்தானுங்க கூப்புடறேன். வாரத்துல ஒரு நாள் உங்க வண்டி எங்களுக்கு வேணுமுங்க. நீங்க வந்தா எங்களுக்குப் பெரிய பலமுங்க.”

ஒன்று அனுப்பியதும் அடுத்தது. கயல்விழி டீச்சருக்கு அம்மாவின் கண்ணை விசாரித்துவிட்டு. சாப்பாட்டு இடைவேளைகளில் கம்பெனிச் சுவரோரம் நின்று, பின்னால் பிரஸ் அடிக்கிற சத்தத்தோடு. ஒரே மாதிரி இரண்டு பேருக்குச் சொல்லவில்லை. இத்தனை வருஷம் பதில் போட்டுப் போட்டு, யாருக்கு என்ன கவலை, என்ன சந்தோஷம் என்று அவளுக்கு மனப்பாடம். அதெல்லாம் வெட்டிப் பேச்சு என்று அவளே சில நாள் அலுத்துக்கொண்டதுண்டு. இப்போது ஒவ்வொரு வாசலாக ஏறி நிற்க அந்தப் பேச்சுதான் படியாக இருந்தது.

பதில்கள் வந்தன. “வாரேன் அம்மணி, வராம?” “எப்பக் கூப்புடுவீங்கன்னு இருந்தேன்.” ஒருவர், “நல்லதுங்க, அப்படியே எங்க ஊட்டுக்காரிகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க, இல்லாட்டிக் கோவிச்சுக்குவா,” என்றார். அவள் அவர் மனைவிக்கும் தனியாகச் சொன்னாள். டீச்சரை முதலில் கூப்பிட்டுவிட்டுத் தன்னை அப்புறம் கூப்பிட்டதாக நினைத்துச் சுந்தரராஜுலு முறுக்கிக்கொண்டார். உண்மையில் முதல் அழைப்பே அவருக்குத்தான். அதைக் கேட்டதும் வாரத்தில் இரண்டு நாள் வருவதாகச் சொல்லிவிட்டார். வராதவர்களும் இருந்தார்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டவர்களும் இருந்தார்கள். அவர்கள் காரணம் அவர்களோடு. அதற்காக அவள் கும்பிடு போடுவதை நிறுத்தவில்லை.

அந்த மாதம் முடிவதற்குள், வேனில் போய்க்கொண்டிருந்த ஒவ்வொருவர் வாசலிலும் ஏதோ ஒரு கார் வந்து நிற்கத் தொடங்கியது. பாய்க்கு மெத்தைக் கடையில் புதுவேலை. காலையில் ஒவ்வொரு கார்காரரையும் போனில் கூப்பிட்டு, “வாங்க, உங்களுக்காகக் காத்திருக்காங்க,” என்று சொல்ல வேண்டும். கைநீட்டக் கூச்சப்பட்டவருக்கு இந்த வேலை பிடித்துப்போயிற்று. சண்முகப்ரியா படுக்கப்போகும்போது கதிர்வேலை நினைத்துக்கொள்வாள். கூடவே அந்தக் கார்காரர்கள் பேரையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லி, நல்லா இருக்கோணும் என்று வேண்டிக்கொள்வாள். நடுவில் தூங்கிப்போனால் விட்ட இடத்திலிருந்து காலையில் சொல்வாள்.

மழைக்காலம் முடிந்த ஒருநாள், சாயங்காலம் அவள் பஸ்ஸுக்கு நின்றபோது சென்னகேசவன் வீடியோவில் கூப்பிட்டார். முகமெல்லாம் வேர்வை.

“அம்மணி, இந்த அக்காகிட்ட நீங்களே கேளுங்க. ஆஸ்பத்திரியில இருந்து வர வழியில சந்தைகிட்ட நிறுத்தச் சொன்னாங்க. எறங்காம சீட்டுல உக்காந்துட்டே என்னைய ஏவறாங்க. அதோட பல்லப் பாரு, மடியப் பாரு, காதத் தூக்கிப் பாருங்கறாங்க. எனக்கு மைதா மாவத் தவிர என்னங்க தெரியும்? சந்தையே என்னப் பாத்துச் சிரிக்குதுங்க!”

போன் திரும்பியது. முன்சீட்டில் பொன்னாத்தாள், கையில் ஊசி போட்ட இடத்தில் பஞ்சுக் கட்டோடு. மடியில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு வெள்ளாட்டுக் குட்டி. அது கார் கண்ணாடியை நக்கிக்கொண்டிருந்தது.

“என்னங்கக்கா இது?” என்றாள் சண்முகப்ரியா.

“பட்டி சும்மாத்தான கெடக்குது,” என்றாள் பொன்னாத்தாள். “இதையும் போன்ல எழுதிப்போடு. பன்னுக்காரத் தம்பிக்கு ஆடு பாக்கத் தெரியலைன்னு எழுது.”

சண்முகப்ரியா பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் பார்க்கிறார்களே என்றுகூட இல்லாமல் அழுதாள், சிரித்தாள். பக்கத்தில் போடுவதற்கு முன்னால் மெத்தைக் கடைக்குக் கூப்பிட்டாள். பாய் முழுவதும் கேட்டுக்கொண்டார்.

“கெடாக் குட்டியாம்மா, பொட்டைக் குட்டியா?”

“பொட்டைங்க பாய்.”

கெடாக் குட்டியென்றால் சில மாதம் வளர்த்து விற்றுவிடலாம். பொட்டைக் குட்டியை வாங்குகிறவர்கள், அது பெரிதாகி, சினையாகி, குட்டி போடும்வரை கூட இருக்கப் போகிறவர்கள்.

“அல்ஹம்துலில்லாஹ்,” என்றார் பாய். “அது குட்டி போட எத்தன நாளும்மா ஆகும்?”

“ஒரு வருசத்துக்கு மேல ஆகுமுங்க பாய்.”

“அப்ப அதுவரைக்கும் அந்த வழிக்கு வண்டி தவறக்கூடாதும்மா. நாளைக்கே எல்லாருக்கும் ஒருதடவை சொல்லிடணும்.”

“சொல்லிப்போடறனுங்க பாய். ஒவ்வொருத்தருக்கா சொல்லிப்போடறேன்,” என்றாள் சண்முகப்ரியா.